முன் அனுபவம்

பெருங்குடியில் ஒன்பதாவது மாடி.
மேடவாக்கத்தில் பெட்டி போட்டு வாங்கிய சட்டை
ஏசியில் மொடமொடக்கிறது.
மிருதுளா என்று அட்டை தொங்கும் பெண்
என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டி நிமிர்ந்தாள்.
“ஸ்னைப்பரா சார்? நிஜமாவா?
எப்படி ஆகுறது அதெல்லாம்?”

செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலைக்கு
இப்படியொரு கேள்வி உண்டென்று
யாரும் சொல்லவில்லை.

சுடத் தெரியணும் மேடம், என்றேன்.
பொய்யில்லை.
ஆனால் சுடத் தெரிந்த நாற்பது பேரைத்தான்
லாரியில் கொண்டுபோய் இறக்கினார்கள்.
ஏழாவது வாரம் பதினொரு பேர் இருந்தோம்.
மற்றவர்கள் குறி தப்பிப் போகவில்லை.
சும்மா இருக்க முடியாமல் போனார்கள்.

இதை அவளிடம் சொல்லவில்லை.

கோணிச்சாக்கை நார்நாராய்ப் பிரித்து, சாயம் தோய்த்து,
நாமே தைத்த புதருக்குள்
நாமே படுத்திருப்பது.
எறும்பு இமைமேல் ஏறும்.
அதற்கொரு வழி இருக்கிறது, போகட்டும்.
இருநூறு கஜம் நகர நாலரை மணி நேரம்.
மூத்திரம் வந்தால் வந்ததுதான்.
முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் குளிர்.

தட்டில் பத்து சாமான் வைத்துத் துணியால் மூடுவார்கள்.
ஒரு நிமிடம் திறந்து காட்டுவார்கள்.
நள்ளிரவில் எழுப்பிக் கேட்பார்கள்:
ஊக்கு, பல் போன சீப்பு, ஐம்பது பைசா,
பச்சை நூல்கண்டு, ஒற்றைக் கொலுசு...
அந்தத் தட்டை யாரும் திரும்ப மூடவேயில்லை.
தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களின் செருப்புகளை
இன்றும் வரிசையாய்ச் சொல்வேன்.
வந்த மாப்பிள்ளையின் முகம்தான் நினைவில்லை.

காற்றைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம்.
காற்று கண்ணுக்குத் தெரியாது என்பார்கள்.
தெரியும்.
மொட்டைமாடிக் கொடியில் நைட்டி எவ்வளவு சாய்கிறது,
தார்ச்சாலைக் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது,
பள்ளிக்கரணைக் குப்பைமேட்டுப் புகை
எந்த உயரத்தில் மனம் மாறுகிறது.
அப்பல்ராஜு பார்ப்பான். எண் சொல்வான்.
விட்ட மூச்சுக்கும் எடுக்கப்போகும் மூச்சுக்கும் நடுவே
ஒரு காலி அறை இருக்கிறதே,
நான் அதில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ஒருநாள் அந்த அறையில்
லென்ஸுக்குள் ஒருவன்
டீயை ஊதிக்கொண்டிருந்தான்.
ஆறும்வரை
அவனும் நானும் காத்திருந்தோம்.

“சார்?”

அவள் தோளுக்குப் பின்னால் கண்ணாடி.
கண்ணாடிக்கு அப்பால் எதிர்க் கட்டடம்.
மூன்று பேர் கயிற்றில் தொங்கித் துடைக்கிறார்கள்.
நூற்றுப் பத்து மீட்டர்.
கடல்காற்று எழுந்துவிட்டது.
நடுவில் ஆரஞ்சு ஹெல்மெட்.
அவன் கயிற்றுக்கு அடியில் வைத்த சாக்கு விலகி
சுவர் விளிம்பு இடமும் வலமும்
கயிற்றைத் தின்றுகொண்டிருக்கிறது.

“மேடம், எதிர் பில்டிங்குக்கு போன் போடுங்க.
நூத்திப் பத்து மீட்டர், நடு ஆள். மேல கயிறப் பாக்கச் சொல்லுங்க.
இப்பவே.”

திரும்பிப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை அவளுக்கு.
இருந்தும் போன் போட்டாள்.

எதிர் மாடியில் ஒருவன் ஓடினான்,
குனிந்தான், யாரையோ கூப்பிட்டான்.
இரண்டு பேராய் இழுத்துப் பிடித்து
சாக்கைச் செருகினார்கள்.
ஆரஞ்சு ஹெல்மெட் மேலே பார்க்கவேயில்லை.
ஏதோ பாட்டு போல வாய் அசைந்துகொண்டிருந்தது.
அடுத்த சதுரத்துக்கு நுரை போட்டான்.

தூரம் சொல்லக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம்.
நானே சொன்னது
இதுதான் முதல்.

மிருதுளா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.
படிவத்தில் முன் அனுபவம் என்ற கட்டத்தின்மேல்
பேனா கொஞ்ச நேரம் நின்றது,
எழுதாமலே கீழிறங்கியது.
“நைட் ஷிஃப்ட் ஓகேவா சார்?
பெருசா ஒண்ணும் இருக்காது.
சும்மா உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான்.”