ஓடு வாருகிறவர்கள்

ரதம் தாண்டிப் போன பிறகுதான் எங்கள் வேலை.
அதுவரை டத்தோ கிராமாட் சாலையோரம்
மண்வாரியின் எஞ்சினை அணைத்துவிட்டு
நானும் தவமணியும் வாதாடிக்கொண்டிருப்போம்.
பதினோரு தைப்பூசமாய் அதே வழக்கு:
இருக்கிறானா, இல்லையா.

இந்த முறை நான் கணக்கோடு வந்திருந்தேன்.
போன வருடம் இந்த ஒரு சாலையில் மட்டும்
பதினான்கு லாரி ஓடு.
காய்க்கு ஒரு வேண்டுதல் என்று வை.
பத்தில் ஒன்று பலித்திருந்தாலும்
வட்டிக்கு விடுகிறவன் கடையைச் சாத்தியிருப்பான்,
பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் காலியாய்க் கிடக்கும்,
நம்பர் கடை வாசலில் இத்தனை தலை தெரியாது.

விளக்குமாற்றை மடியில் சாய்த்துக்கொண்டு
பந்தலில் கொடுத்த மைலோவை உறிஞ்சினாள் தவமணி.
"கேக்கிறவனுக்கெல்லாம் குடுத்தா
அவன் சாமியா, பேங்க்கா?"
அது பதிலே இல்லை என்றேன்.
"பதிலுன்னு யாரு சொன்னா?"

எதிரே ஒரு சீனக் குடும்பம்
இடுப்புயரம் அடுக்கிய காய்களைச் சுற்றி
ஊதுவத்தி காட்டி முடித்திருந்தது.
வெள்ளைச் சட்டைக்காரர் உடைக்கத் தொடங்கினார்.
நூறு, நூற்றைம்பது.
தெறித்த தண்ணீர் எங்கள் மஞ்சள் சட்டையை நனைத்தது.
ஒன்று மட்டும் உடையாமல் உருண்டு
அவள் பூட்ஸில் முட்டி நின்றது.
"இது யாரு வேண்டுதல்? தபால்ல தொலைஞ்சதா?" என்றேன்.
காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.
"தண்ணி இருக்கு. நாளைக்குச் சட்னி"
என்று பைக்குள் போட்டாள்.

சர்வின் அவள் மகன்.
விடியுமுன் பாலத்தில் மோட்டாரில் போனவன்,
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு.
அந்தப் பேரை நான் வாதத்துக்குள் இழுப்பதில்லை.
அன்று இழுத்துவிட்டேன்.
ஜெயிக்கிற ஆசையில் வாய் தாண்டிவிட்டது:
"அவன் போனப்ப எங்க இருந்தான் உன் ஆளு?"

மேளம் ஒருமுறை முழுசாய்ச் சுற்றி வந்தது.
மைலோ டப்பாவை நசுக்கினாள்,
பட்டையாக, மிகவும் பட்டையாக.

"அதத்தான் நானும் கேக்கிறேன்.
வெளக்கு வச்சிட்டு, கதவச் சாத்திட்டு,
தெனமும், அசிங்கம் அசிங்கமா கேக்கிறேன்.
நீ இல்லங்கிற.
அப்ப நான் யாரப் போய்க் கேக்க?
அந்த லாரிக்காரன் சின்னப் பையன்,
கோர்ட்டுல என்னவிட அதிகமா அழுதான்.
மழையக் கேக்கவா? பாலத்தக் கேக்கவா?"

என்னிடம் அதற்குப் பதில் இருந்தது.
பசி இருப்பது
சோறு இருப்பதற்குச் சாட்சி ஆகாது.
சரியான பதில். இப்போதும் சரிதான்.
சொல்லவில்லை.

ரதம் வளைவில் திரும்பியதும் இறங்கினோம்.
கணுக்கால் ஆழம் ஓடு.
வாரியில் சிக்கிய சில்லை எடுக்கக் கைவிட்டேன்,
உள்ளங்கை நீளமாய்க் கிழிந்தது.
கழுத்துத் துண்டைக் கிழித்துக் கட்டினாள்.
கட்டி முடித்துத்
தண்ணீர்மலை இருக்கும் பக்கமாய்த் திரும்பினாள்.

"கண்ணு தெரியலயா ஒனக்கு?
ஒன் குப்பையத்தானே வாரிக்கிட்டிருக்கான்?
நம்பலன்னா என்ன, வேலைக்கு வராம இருந்தானா?
ஊரெல்லாம் வேல் வச்சிருக்கியே,
ஒரு பிளாஸ்டர் வச்சிருக்கியா நீ?"

பால்குடம் இறக்கி வந்தவர்கள்
எதற்கோ பயந்து ஒதுங்கிப் போனார்கள்.
"விடு தவமணி. அங்க யாரும் இல்ல."
"நீ சும்மா இரு. ஒங்கிட்டப் பேசல."

என் பொருட்டு இத்தனை உரக்க
எவரும் எவரோடும் சண்டை போட்டதில்லை.
வாதத்தில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

ஹாஷிம் லாரியைப் பின்னுக்கு எடுத்து ஹார்ன் அடித்தான்.
கட்டுப்போட்ட கையால் கியரைத் தொட்டேன், வலித்தது.
இரண்டாவது வாரலில்
முழுசாய் ஒரு காய் மேலே வந்தது.
நிறுத்தி, இறங்கி, எடுத்து
அவளைப் போலவே காதோரம் ஆட்டினேன்.
சத்தம் இல்லை.
வற்றிய காயும் பேசாது,
தளும்ப இடமின்றி நிறைந்ததும் பேசாது.

ஹாஷிம் மறுபடி அடித்தான்.
சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு
ஏறிக்கொண்டேன்.