இடப்பக்கச் சுவர்

பகலெல்லாம் அடுத்தவர் கடைவாய்ப்பல் செய்கிறேன்
பாளையங்கோட்டை தெற்கு பஜார் மாடியில்.
இரவு ஒன்பதுக்கு மேல்
அதே பிளாஸ்டர், அதே மெழுகுக் கத்தி,
செங்கோட்டை லோகோ ஷெட்.
வருஷம் ஐம்பத்தேழு.
எண்பத்தேழில் ஒரு பங்கு.

மீட்டர் பாதை பன்னிரண்டு மில்லிமீட்டருக்குச்
சண்டை போடாமல் சுருங்கியது.
சோற்றுத் தட்டைக் காணோமென்று
ஜெபசிங் இரண்டு நாள் தேடினார்.
அதன்மேல் என்ஜின் நின்று
மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது.

நிலக்கரிதான் ஏய்த்தது.
நிஜக் கரியைப் பொடித்துப் போட்டால்
ஜிகினாவாய் மின்னுகிறது.
கறுப்பு உளுந்தின் தோலை அரைத்து ஒட்டிய பிறகே
கரி கரியானது.
புகை குடித்த சுண்ணாம்புச் சுவருக்கு
பல் நிற அட்டையில் ஏ-நாலு:
முப்பது வருஷம் வெற்றிலை போட்டவரின்
முன்பல்.

போட்டோ ஒன்றே ஒன்று.
வாலிபால் கோப்பையோடு பதினொரு பேர்
தோளோடு தோள் ஒட்டி
இடப்பக்கச் சுவரை முழுசாய் மறைத்து.

"வாசல் உண்டு, சின்னது"
என்றார் பிறவிப்பெருமாள்,
எழுபத்தெட்டில் அங்கே பயர்மேன்.
"ஜன்னல்லா அது, அது வழியாத்தான டீ வாங்குவோம்"
என்றார் மைதீன் பிச்சை.
பிட்டர் மகள் பேச்சித்தாய்
"சுவரே கெடையாது, தகரம்" என்று
போனை வைத்துவிட்டார்.

விழுந்த பல்லை
இருபுறத்துப் பற்களைப் பார்த்து ஊகிப்பேன்.
சுவருக்கு அந்த நியாயம் செல்லாது.

பதினொரு பேரையும் செய்தேன்.
ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர்,
கோப்பை ஒரு குண்டூசித் தலை.
படம் எடுத்த நொடியில் அசைந்துவிட்ட
இடமிருந்து நாலாமவருக்கு
முகம் கலைந்தே இருக்கட்டுமென்று விட்டேன்.
நின்ற இடத்தில் நிறுத்தினேன்.
பின்னால் சுவர் வைக்கவில்லை.

நேற்று தண்டவாளத்துச் சரளை
பாதி காணோம்.
சாயம் போட்டாலும் ரவை ரவைதானே.
சிற்றெறும்புகள்,
என் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு பூனை நீளம்,
தலைக்கொரு கல்லாய்த் தூக்கி
டர்ன்டேபிளைச் சுற்றிவந்து
வாலிபால்காரர்களின் காலிடுக்கில் நுழைந்து
இல்லாத சுவர் வழியே
வரிசை கலையாமல் வெளியே போயின.

மணி பதினொன்றே கால்.
பிறவிப்பெருமாளைக் கூப்பிட்டேன்.
வாசல் இருக்கிறது, சின்னதுதான் என்றேன்.

"அதான் அன்னைக்கே சொன்னேன்லா"
என்றார்
தூக்கக் கலக்கத்தில்,
யாரென்று கேட்காமல்.