ஆட்டின் பின்னங்கால்கள்

யார்க்டனில் பிப்ரவரி. மைனஸ் முப்பத்தொன்று.
வெளியே கார்களை மின்வடத்தில் கட்டிப் போட்டிருக்கிறோம்,
அவிழ்த்துவிட்டால் விறைத்துவிடும்.
உள்ளே, சங்கக் கூடத்தில், பத்தொன்பது பேர்
ஆளுக்கோர் எண்ணைச் சட்டையில் குத்திக்கொண்டு
தண்ணீர் குடிப்பதும் கழிப்பறை போவதுமாக இருக்கிறார்கள்.

நான் பியானோ. என்னை யாரும் பார்ப்பதில்லை.
நடுவில் ஒரு கறுப்புக் கட்டை செத்து மூன்று வருடம்.
தெரிந்த பள்ளத்தை ஒடித்துத் திருப்பும் டிரைவர் மாதிரி
விரல்கள் தாமாகவே விலகிப் போகும்.

நாடகத்தின் பெயர் ‘ரயில் நிலையத்தில் மூன்று கல்யாணம்’.
மணப்பெண்கள் மூன்று பேர், மாப்பிள்ளைகள் இரண்டே பேர்,
கதை அவ்வளவுதான்.
அப்புறம் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு போலீஸ், ஓர் ஆடு.
“ஆளுக்கு ஒரு நிமிஷம்” என்கிறாள் டெல்ஃபின்.
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
இரண்டாவது தடவை சொல்லிப் பழக்கமில்லை.

எண் நான்கு, வங்கியில் கடன் பிரிவு.
எடுத்த உயரத்தில் முடிக்க முடியாதென்று
மூன்றாவது வரியில் தெரிந்துபோயிற்று
அவருக்கும் எனக்கும்.
சத்தம் காட்டாமல் அரைக்கட்டை இறக்கிக் கொடுத்தேன்.
தன் திறமையென்றே நினைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒன்பதும் பத்தும் போன வருடம் விவாகரத்தானவர்கள்.
ஒரே ஜோடிப் பாட்டு, தனித்தனியாக.
ஒருவர் பாடும்போது மற்றவர்
கோட்டுப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
சொல்லக் கூடாது, இருவருக்கும் ஒரே சுருதி.

பதினான்கு.
ஓரெஸ்ட் பிலிப்சுக்.

இந்த ஊரில் யார் செத்தாலும் அவர்தான்.
என் அப்பாவுக்குக் கடைசியாக டை கட்டியவர்.
நவம்பரில் பல் டாக்டர் மார்லிஸின் கணவனை
ஐஸ் பாளத்தை வெட்டித் திறந்து இறக்கியவர்.
கறுப்பு சூட்டில், வேறு சட்டை இல்லையோ என்னவோ,
மேடையேறினார்.
தேர்வுக் குழு தன்னையறியாமல் எழுந்து நின்றது.
ஒருவர் தொப்பியைக் கூடக் கழற்றிவிட்டார்.
“உட்காருங்கள்” என்றார் அதே குரலில்.
“யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.”

பாட்டு அவருடைய சித்தப்பா கட்டியதாம்:
கல்யாணப் பந்தியில் ஒரு முட்டைக்கோஸ் உருண்டை
தட்டிலிருந்து நழுவி, மாப்பிள்ளையின் மடியில் விழுந்து,
‘நானே பெண்’ என்று அடம்பிடிக்கிறது.
அடிவயிற்றுக் குரல். அசையாத முகம்.
முதல் சரணம் முழுக்கக் கூடத்தில் மூச்சில்லை,
எல்லோருக்கும் கை தானாகக் கோத்துக்கொண்டது.

அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்
விரல் தவறிச் செத்த கட்டையில் விழுந்தது.
டொக்.
சுரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மரம்.
அவர் நிற்கவில்லை. அந்த ஓட்டைக்குள்
சரியாக ஒரு விக்கலை வைத்தார்.

மார்லிஸ்தான் முதலில்.
சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள்.
கையை எடுத்துவிட்டு மறுபடி சிரித்தாள்.
மூக்கால், தொண்டையால், குனிந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.
எண் பதினைந்து அவள்தான்,
அதற்குப் பிறகு அவளால் பாடவே முடியவில்லை.
இரண்டாம் சரணத்தில் அந்தக் கட்டையை
வேண்டுமென்றே ஆறு தடவை அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை கதவில் காகிதம் ஒட்டினார்கள்.
கடன் பிரிவுக்கு ஸ்டேஷன் மாஸ்டர்.
ஒன்பதுக்கும் பத்துக்கும் ஒன்றுமில்லை, ஒரே காரில் போனார்களாம்.
ஓரெஸ்டுக்கு ஆடு, பின்பாதி.
முன்பாதி மார்லிஸ்.
“முகம் தெரியாதே” என்று இழுத்தாள் டெல்ஃபின்.
“அதற்குத்தானே வந்தேன்” என்றாராம்.

நேற்று தபால் நிலைய வெர்னாவின் அடக்கம்.
தேவாலயத்திலும் நான்தான் வாசிப்பேன்.
சவப்பெட்டி போய்க்கொண்டிருக்கிறது,
பின்னால் அவர், கை கட்டி, தலை தாழ்த்தி.
வாசல்வரை வந்து பார்த்தேன்:
பனியில் மற்றவர்களின் தடம் நேர்க்கோடு.
அவருடையது மட்டும்
ஒன்று, இரண்டு, சின்னதாய் ஓர் உதை,
ஒன்று, இரண்டு.