தூணுக்குப் பக்கத்து மேசை

ஸ்காபரோவில் தை மாதம்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கடைகள் பத்துக்குத்தான்.
மோலின் கதவு மட்டும் எட்டுக்கே திறக்கும்,
நடக்கிற கிழடுகளுக்கு.

மூன்று சுற்று.
சப்பாத்துக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை,
பூட்டின கம்பிக்குப் பின்னால்
தலையில்லாத பொம்மைகள் புது உள்ளாடையோடு.
பைபாஸ் செய்த யோகலிங்கம்தான் எப்போதும் முன்னுக்கு.

பிறகு மருந்துக்கடை மூலையில் பிரஷர் மெஷின்.
கையை நுழைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்போம்.
ஆருக்குக் கூடவோ அவர் கோப்பி வாங்கவேணும்.
டொக்டர் சொல்லி உப்பைக் குறைக்காத திருச்செல்வம்
கோப்பிக் காசுக்குப் பயந்து குறைத்தார்.

பிறகு முந்நூற்றி நாலு.
ராசாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு,
ஒன்பதுக்கு இருபது, ஜாக்குக்கு முப்பது.
முப்பது வருசம் இரவு ஷிஃப்ட் செய்தவர்களுக்கு
இது ஒரு நல்ல சட்டம்.

எனக்கு எதிரே அமிர்தநாதர்.
பதினொரு வருசமாய் எதிரே.
அந்தாளின் புருவம் எனக்கு மனப்பாடம்.
வீட்டு நம்பர் தெரியாது.

கார்த்திகையில் ஒருநாள் அவர் வரவில்லை.
மறுநாளும்.
முப்பத்திரண்டு தாளை மூன்று பேருக்குப் பங்கிட்டால்
இரண்டு மிஞ்சும்.
அதை ஆரும் தொடவில்லை.

ஒன்பதாம் நாள் மகள் தேடி வந்தாள்.
பனியில் வழுக்கி இடுப்பெலும்பு.
"அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.
சாப்பாடு இல்லை.
விரல் மட்டும் போர்வையில் எதையோ பிரிக்குது.
ஃபோன் நம்பர் கேட்டால்
'தூணுக்குப் பக்கத்து மேசை' என்கிறார்."

அன்றிலிருந்து மேசையில் ஒரு ஃபோன்,
சீனிப் பக்கற்றுகளில் சாய்ந்தபடி.
தாளை ஆர் பிடிப்பது?
எங்கள் மூவரில் ஒருவரை ஒருவர் நம்பேலாது.
மேசை துடைக்கிற டொறீன், கயானாக்காரி,
பதினைந்து நிமிட இடைவேளையைத் தந்தாள்.
விசிறிபோல விரித்து ஃபோனுக்குக் காட்டுவாள்.
"ரெண்டாவது" என்று குரல் வரும்.
"கடைசி" என்று வரும்.
புருவம் இல்லாமல் ஆடப் பழகினேன்.

மாசிக்குள் அவளுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது.
பிழையான தாளுக்கு நாக்கைச் சப்புக் கொட்டினாள்.

நேற்று அவர் "மூண்டாவது" என்றார்.
டொறீன் அசையவில்லை.
"மூண்டாவது, பிள்ளை."
"நோ, அங்கிள்."
ஐந்தாவதை உருவி அடித்தாள்.
கிளாவர் ஒன்பது.
யோகலிங்கத்திடம் ஜாக் இல்லையென்று
இவளுக்கு எப்படித் தெரியும்?

பிடி எங்களுக்கு.
ஃபோனுக்குள் ஒரு சிரிப்பு,
இருமலாகி, திரும்பவும் சிரிப்பாகி.
டொறீன் அதை எங்கள் பக்கம் திருப்பினாள்.
முதலில் நெற்றி மட்டும், வழக்கம்போல.
பிறகு முகம். பிறகு தோள். பின்னால் ஒரு ஜன்னல்.
அந்தாள் எழும்பிக் கதிரையில் இருக்கிறார்.

இடைவேளை முடிந்தது.
தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அவள் ஈரத்துணியை எடுத்தாள்.
யோகலிங்கம் தோற்ற எரிச்சலில் சொன்னார்:
"திங்கள் இவளும் மெஷினில் கை வைக்கட்டும்.
கோப்பி ஆர் வாங்கிறதெண்டு தெரியவேண்டாமே?"