ஐந்து சென்ட் அளவு குளிர்

கண்ணாடி முன் நின்று பார்த்தால்
எல்லா டைட்ஸும் நன்றாகத்தான் இருக்கும்,
என்றாள் கடைக்காரி லெம்பி.
"நின்றுகொண்டா ஓட்டப் போகிறாய்? குனி."
கடை நடுவே ஒரு மர ஸ்டூலை சீட்டாக்கிக் குனிந்தேன்.
முதல் ஜோடி இடுப்பின் பின்னால் வாயைத் திறந்தது.
இரண்டாவது முழங்காலை மடக்க விடவில்லை.
மூன்றாவது
தொடையைப் பிடித்தது, நெரிக்கவில்லை.

போன குளிர்காலம் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தேன்,
உள்ளே இன்னொன்று போடலாம் என்று கணக்குப் போட்டு.
உள்ளே வந்தது காற்றுதான்.

முன்பக்கம் காற்றுக்குக் கதவடைக்கும் துணி,
பின்பக்கம் வியர்வைக்கு ஜன்னல்,
உட்புறம் பூனைக்குட்டி வயிறு.
தோள்வார் வேண்டாம் என்றேன்.
"வேண்டும். பிறகு எனக்கு நன்றி சொல்வாய்."
கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் அவளைத் திட்டுகிறேன்.
இடுப்பில் காற்று ஏறாத காலைகளில் நன்றி சொல்கிறேன்.
இரண்டுமே அவளுக்குக் கேட்பதில்லை.

விலை: என் நான்கு இரவு வேலை.

அதிகாலை மூன்று நாற்பது. யோயென்சூ தூங்குகிறது.
மைனஸ் பதினேழு.
ஆற்றுப் பாலத்தில் என் டயரின் ஆணிகள் மட்டும்
பொரி மென்றுகொண்டு வருகின்றன.
ஆறு கிலோமீட்டர். அப்புறம் பேக்கரி, ரை ரொட்டி,
இருநூற்றைம்பது டிகிரி அடுப்பு.
பனிக்கும் நெருப்புக்கும் நடுவே
இந்த ஒரு துணி.

எங்கள் கட்டடத்தில் துவைக்கும் அறை பொது.
கதவில் தொங்கும் தாளில் பென்சிலால் பெயர் எழுத வேண்டும்.
வியாழன் ஐந்து மணி, ரவுத்தியாய்னென், மூன்றாம் மாடி.
ஆறு மணி, நான்.
உள்பக்கம் வெளியே வரப் புரட்டினேன். கணுக்கால் ஜிப்பை மூடினேன்.
முப்பது டிகிரிக்கு மேல் போகவில்லை.
இயந்திரத்தின் சின்னப் பெட்டியில்
அவர் மிச்சம் விட்டிருந்த லாவெண்டர் திரவத்தை
யார் கண்டது?

மறுநாள் பாலத்தின் நடுவில் தெரிந்தது.
துணி மூச்சுவிட மறந்திருந்தது.
வியர்வை போக வழியில்லாமல்
தொடையிலேயே உட்கார்ந்து சில்லிட்டது.
பல் கிட்டிக்கொண்டு, பூந்தோட்டம் போல மணந்துகொண்டு
வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.
அடுப்படியில் ஒஸ்மோ மூக்கை உறிஞ்சினான்.
"யாருக்குக் கல்யாணம்?"

தாளில் அவர் பெயருக்குக் கீழே எழுதினேன்:
மென்மையாக்கும் திரவம் என் டைட்ஸைக் கொல்கிறது.
பென்சிலில் பதில் வந்தது:
மன்னிக்கவும். மனைவி போனபின்
எவ்வளவு ஊற்றுவது என்று தெரியவில்லை.
சட்டையெல்லாம் சொரசொரக்கிறது.
நெடுநேரம் அந்தத் தாளின் முன் நின்றேன்.
பிறகு எழுதினேன்: பாதி மூடி.

வினிகரில் இரண்டு அலசல்.
மூன்றாம் நாள் துணிக்கு மூச்சு வந்தது, ஊறுகாய் வாடையோடு.
"இன்றைக்கு விவாகரத்தா?" என்றான் ஒஸ்மோ.
அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுழற்றி உலர்த்தும் இயந்திரம் கூடாது. ரேடியேட்டர் கூடவே கூடாது.
உலர்த்தும் அறைக் கயிற்றில்
அது தலைகீழாகத் தொங்குகிறது,
பாதி மனிதன் ஒருவன் சிரசாசனம் செய்வது போல.
பக்கத்தில் ரவுத்தியாய்னெனின் சட்டைகள்,
ஒரு முழம் தள்ளி, பயந்து.

பிப்ரவரியில் விழுந்தேன்.
பள்ளிக்கூட முனையில், புதுப் பனிக்கு அடியில் பழைய கண்ணாடி.
முழங்கால் தப்பியது, துணி கிழிந்தது.
இன்னும் நான்கு இரவுகளுக்கு எங்கே போவது?
ஊசியை எடுத்தேன்.
நெருக்கித் தைக்கத் தைக்க ஓட்டைகள் கூடின.
ஒவ்வொரு குத்தலிலும் ஊசி
காற்றுக்கு ஒரு சாவி வெட்டிக் கொடுக்கிறது.

இப்போது பாலம் ஏறும்போதெல்லாம்
வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே
யாரோ ஒரு ஐந்து சென்ட் காசை வைத்து அழுத்துகிறார்கள்.
அக்கரை போனதும் எடுத்துவிடுவார்கள் என்று நினைப்பேன்.
முதல் தட்டு ரொட்டி வெந்து வரும்வரை
அங்கேயே இருக்கிறது.