ஏழாவது பை

தார்த்துவில் பிப்ரவரி. மைனஸ் பத்தொன்பது.
இரத்த வங்கியில் இரவு வேலை எனக்கு.
நான்காம் மாடியில் ஒருவரின் நெஞ்சு திறந்திருக்கிறது:
எண்ணெய்ப்பாறைச் சுரங்கத்துக்காரர், ஓ பாசிட்டிவ்.
நான் அறிந்த முகம் அவ்வளவுதான்.

முதல் நுரையீரலை எடுக்கையில் நான்கு பை கேட்டார்கள்.
நெஞ்சுச் சுவரோடு பழைய ஒட்டல்,
பிய்க்கப் பிய்க்கக் கசியுமாம்.
பிறகு இரண்டு. அதுவும் தயங்கித் தயங்கி.
டாக்டர் கைரித் தொலைபேசியில் சொன்னார்:
“அதிகம் ஏற்றினால் புது நுரையீரல் ஊறிப்போகும்.
ஏற்றாவிட்டால் ஆள் இல்லை.”
அவர் குரலுக்குப் பின்னால்
சிந்திய இரத்தத்தைக் கழுவி
உரியவருக்கே திருப்பித்தரும் இயந்திரம்
உறுமிக்கொண்டிருந்தது.

ஏழாவது பை மேலே போனது
மூன்று பன்னிரண்டுக்கு.
முப்பது நிமிடம் தாண்டினால் குப்பைதான்.
தேநீரில் ஆடை படிந்தது.
தொலைபேசியைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன்,
மறுபடி தொலைபேசியை.

இருபத்தாறாம் நிமிடம் உர்மாஸ் ஓடிவந்தான்.
மூச்சு வாங்கியது அவனுக்கு.
கையில் அதே பை, முத்திரை கலையாமல்.
“பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.
பொறுத்தோம். நின்றுவிட்டது.”

வெப்பமானியை வைத்தேன். ஒன்பது டிகிரி.
யாரோ சாரேமா தீவில் கை நீட்டிக் கொடுத்தது
மீண்டும் அடுக்கில் ஏறியது.
‘பயன்படுத்தவில்லை’ என்று எழுதிவிட்டுப்
பேனா மூடியைத் தேடினேன்.
விடியும்வரை கிடைக்கவில்லை.