ஈரம்

வெளியே சைபருக்குக் கீழே முப்பத்துநாலு.
கார்கள் மூக்கில் வயர் செருகி
மின்சாரம் குடித்தபடி நிற்கின்றன.
ரெஜைனாவில், கர்லிங் கழகத்தின் மாடியறையில்
ஆறு பேர், ஆறு போத்தல்,
ஒவ்வொன்றுக்கும் கடுதாசிப் பையில் முகமூடி.
சட்டம் பழையதுதான்:
இந்த வருடம் குடித்ததில் எது மறக்கவில்லையோ
அதைக் கொண்டு வா, விலை சொல்லாதே.

மார்லிஸ் கொண்டுவந்தது இருபது வயது டோனி.
தேய்ந்த செப்புக் காசின் நிறம்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்து வைத்த இரவு
குளியல் தொட்டிக்குள் இருந்து தனியே குடித்தாளாம்.
"வால்நட்" என்றாள்.
"இல்லை. வயலின் பெட்டியின் உட்பக்கம்."

வெர்னன் பெல்கார்ட்டின் ரூபி பதினாறு டொலர்.
(சொல்லிவிட்டான். தண்டம் ஒரு டொலர்,
ஊறுகாய்ப் போத்தலுக்குள்.)
லிகாயாவும் ஆர்ட்டூரோவும் வெள்ளைப் போர்ட் ஒன்றும்
பிந்திப் போத்தலிட்ட ஒன்றும் கொண்டுவந்து
எது யாருடையதென்று சண்டை பிடித்தார்கள்.

என்னுடையது நான் இந்த நாட்டில் இறங்கிய
இரண்டாயிரத்து மூன்றின் விண்டேஜ்.
பஸ்ஸில் மடியில் நிமிர்த்தி,
பிள்ளை போல் குலுங்காமல் கொண்டுவந்து
புது நைலோன் காலுறையால் வடித்தேன்.
கடைசி இரண்டு விரல் வண்டலை
வெர்னன் பாணில் தொட்டுத் தின்றான்.

பீப்பாய், மேசை, கோப்பை, கதிரை, சாவி,
இந்த அறையில் பாதிச் சாமானை
என் பாஷையிலேயே கூப்பிடலாம், தெரியுமா என்றேன்.
இந்த மதுவின் ஊர்க்காரர்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள்.
கோட்டை கட்டினார்கள், வரி வாங்கினார்கள்,
போகும்போது கதிரையை விட்டுப் போனார்கள்.
"மதுவை?" என்றாள் மார்லிஸ்.
அதை அவர்களே குடித்து முடித்திருந்தார்கள்.

ஓரெஸ்ட் சிரிக்கவில்லை.
முப்பத்தொரு வருடம் தானியப் பரிசோதகன்.
ஒரு பிடி கோதுமையை மூக்கருகே கொண்டுபோய்
"ஈரம்" என்பான்;
ரயில்பெட்டி வந்த வழியே திரும்பும்.
மார்ச்சில் ஒரு காய்ச்சல் வந்தது.
போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போனது.
பால் தீய்ந்ததைப் புகை கண்டுதான் அறிந்தானாம்.

"என்னுடையதைக் கடையில் கை போன போக்கில் எடுத்தேன்.
என்னவென்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்."

ஊற்றினான். கோப்பையை மூக்குக்கு எடுத்தோம்.
எடுத்த மூக்கை ஐந்து பேரும்
ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

"அத்திப்பழம்" என்றாள் மார்லிஸ், கண்ணைப் பார்க்காமல்.
"செரி, கொஞ்சம் சொக்லேட்" என்றான் வெர்னன்.
லிகாயா புருஷனைப் பார்த்தாள்.
ஓரெஸ்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்,
தூரத்து உறவினரின் கல்யாணப் படம் பார்ப்பவனைப் போல.

என் முறை.
எனக்கு அத்தியும் தெரியும், செரியும் தெரியும்.
"நனைந்த கடுதாசிப் பெட்டி" என்றேன்.
"ஆறு மாதம் பூட்டிக் கிடந்த நிலவறை.
கழற்றாமல் படுத்த மழைநாள் காலுறை.
தக்கை கெட்டுவிட்டது, ஓரெஸ்ட்."

ஹீட்டர் இரண்டு முறை தட்டி நின்றது.
மார்லிஸின் கால் மேசைக்கடியில் என்னை உதைத்தது.

அவன் கோப்பையை முகத்துக்குக் கொண்டுபோனான்.
இழுத்தான். ஒன்றும் வந்திருக்காது.
மறுபடி இழுத்தான்.
பிறகு அந்தப் பெரிய, களஞ்சியம் நிறைக்கும் குரலில்,
ரயில்பெட்டிகளைத் திருப்பிய குரலில்,
"ஈரம்" என்றான்.
இன்னொரு முறை சொன்னான்.
சிரிப்பில் மீசையெல்லாம் போர்ட்.

வாக்கெண்ணினோம்.
நாலு சீட்டில் மார்லிஸின் டோனி.
ஒன்றில் ரூபி; அது என்னுடையது,
எவரிடமும் சொல்லவில்லை.
ஆறாவதில் கொட்டை எழுத்தில்
அவனுடைய கெட்ட போத்தல்.

யாரும் ஏனென்று கேட்கவில்லை.
காரின் வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு
மிச்சத்தைக் கக்கத்தில் இடுக்கினான்.
கொட்டிவிடு என்றான் வெர்னன்.
"நாளைக்கும் ஒருமுறை பார்க்கிறேன்" என்றான்.